சிமலி விதைக்கு ஓர் ஆண் செடி

ஆவணி ஐந்தாம் தேதி காலை ஆறு மணிக்கு ஜமன் சிங் ஆண் செடிகளைப் பிடுங்க ஆரம்பித்தான். ஐந்தரைக்கே ஆரம்பித்திருப்பான், ஹயாத் சிங் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து சேர்வதற்குள் நன்றாக விடிந்துவிட்டது. தேதி, நேரம், எந்த அடுக்கு வயலில் தொடங்கி எதில் முடிப்பது என்று எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி மாட்டுக் கொட்டகைக் கதவில் ஆணியடித்து மாட்டியிருந்தான். இரண்டே பேர் வேலை செய்யும் வயலுக்கு அட்டை எதற்கு என்று கேட்கக் கூடாது. இருபத்து நாலு வருஷம் குமாவுன் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். அட்டை இல்லாமல் அவனுக்குப் பல் துலக்கக்கூட ஓடாது.

வயலைப் பார்க்க வேண்டுமே! மலைச்சரிவில் நாலு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் கஞ்சாச் செடிகள் நூல் பிடித்தாற்போல் வரிசை வரிசையாக, கை நீட்டினால் பக்கத்துச் செடி படும் தூரத்துக்கு ஒன்று. எங்கள் குமாவுன் மலைப் பக்கத்தில் இதற்குப் பாங் என்றுதான் பேர். போலீஸ்காரன் வாயில் மட்டும் கஞ்சா. மற்றவர்கள் விதையை அள்ளி வீசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அது நெருக்கியடித்துக்கொண்டு ஆளுயரத்துக்கு மேல் வளரும். தண்டில் நார் உரிப்பார்கள், தலையில் விதை எடுத்துத் துவையல் அரைப்பார்கள். அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்திருப்பதும் நாருக்கும் விதைக்கும்தான். பாங்கை அணிவகுப்பில் நிறுத்தியவன் எங்கள் ஜில்லாவிலேயே ஜமன் சிங் ஒருத்தன்தான்.

"சாப், இதுங்க செடியா ரெக்ரூட்டா? ஒன்னு தும்மினா பக்கத்துல இருக்கறது சல்யூட் அடிக்கும் போலருக்கு" என்றான் ஹயாத்.

"பேசாம பிடுங்கு."

"பிடுங்கறேன். ஆனா ஒன்னு சொல்றேன். எந்த ஊர்லயும் ஆம்பளைங்களுக்கு இவ்வளவு சீக்கிரம் டிஸ்சார்ஜ் குடுக்க மாட்டாங்க."

ஜமன் சிங் அடுத்த செடிக்குக் குனிந்தான். ஆண் செடியை அவன் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடித்தான். கணுவில் சின்னச் சின்ன மொட்டுகள் மணி மாதிரி தொங்கினால் ஆண். தடவிப் பார்த்துச் சொல்ல அவனால் ஆகாது. மூன்று விரல்களின் நுனி சியாச்சின் பனியில் போய்விட்டது. மீதி ஏழும் இருக்கின்றன. ஆனால் இருக்கின்றன என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அடுப்பிலிருந்து நேராகக் கொள்ளியைப் பிடித்துத் தூக்கிவிட்டு, கருகின வாடை வந்த பிறகு கீழே போடுவான்.

விரலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மகன் கல்யாணத்தில் அவன் காவல் பணியில் நிற்பவன் மாதிரி பந்தல் ஓரமாக நின்றான். அம்மா செத்தபோது விறகுக் கணக்கை ஒரு பிசகில்லாமல் பார்த்தான், மற்றபடி ஒன்றுமில்லை. மனைவி ஹல்த்வானியில் மகனோடு போய் இருந்துகொண்டாள். சண்டை கிடையாது. "உங்களோட இருந்தா சுவரோட இருக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நியாயமாகத்தான் பட்டது அவனுக்கு. ராணுவ ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டபோது, "நல்லாத் தூங்கறேன், நல்லாச் சாப்பிடறேன், ஒரு குறையும் இல்ல சார்" என்றான். டாக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

மதியத்துக்குள் முடித்துவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு மறுபடி ஒரு ரோந்து. தப்பி நின்ற ஏழு ஆண் செடிகள் அகப்பட்டன. அவற்றையும் பிடுங்கிக் கட்டாகக் கட்டி ஓடையில் ஊறப் போட்டார்கள். அட்டையில் அந்த வரிக்கு நேரே ஜமன் சிங் ஒரு டிக் அடித்தான்.

வயல் ஜசுலியுடையது. ஜசுலி, மாதோ சிங்கின் விதவை. மாதோ, ஜமன், ஹயாத் மூவரும் தல்லா சிமலியிலிருந்து ஒரே வருஷம் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். மாதோ சிங் சியாச்சினில் பனிச்சரிவில் சிக்கி இறந்தான் என்று கடிதம் வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஊரில் முக்கால்வாசி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஜமனும் ஹயாத்தும் ஜசுலி வீட்டில்தான் இரண்டு வேளையும் சாப்பிடுகிறார்கள். மாவும் பருப்பும் இவர்கள் பென்ஷனில், சமையல் அவள் கையில்.

விதையும் அவளுடையதுதான். சிமலி விதை என்றால் ஒரு காலத்தில் நாலு பள்ளத்தாக்குக்குத் தெரியும். பொடிசாக, கருகருவென்று, எண்ணெய் கசியும். வறுத்து அரைத்தால் கசப்பே தட்டாது. போதையும் அதிகம் கிடையாது. அதிகாரிகள் வந்து பயிரை வெட்டிப் போட்ட வருஷத்தோடு ஊரே அதை விட்டுவிட்டது. ஜசுலி ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தது மட்டும்தான் மிச்சம், அதுவும் மூன்று வருஷப் பழசு. லைசென்ஸ் ஆபீஸில் கம்பெனி விதைப் பாக்கெட் தருகிறோம் என்றார்கள். "என் வீட்டு அம்மிக்கு அந்த விதை ஆகாது" என்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். இருந்த விதை முழுவதையும் விதைத்தார்கள். அஞ்சுக்கு ஒன்று முளைத்தது. முளைத்ததுதான் இந்த நாலு அடுக்கு. இது விதை பிடித்தால் சிமலி விதை உண்டு. பிடிக்காவிட்டால் அதோடு சரி.

ஆவணி பதிமூன்றாம் தேதி ஜசுலி பித்தோராகட்டிலிருந்து திரும்பி வந்தாள். உயிரோடிருக்கிறேன் என்று பென்ஷன் ஆபீஸில் கையெழுத்துப் போடவும், இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளவும் போனவள், மகள் வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டாள். பையை இறக்கிவைக்காமலே வயல் வரப்பில் நின்று பார்த்தாள். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"ஆம்பளைச் செடியெல்லாம் எங்க தம்பி?"

"பிடுங்கியாச்சு அண்ணி. அஞ்சாம் தேதி. ஒன்னு விடல. ரெண்டாவது தடவையும் ரோந்து போயிட்டோம்."

"தூள் பறந்துச்சா?"

"என்ன தூள்?"

ஜசுலி பையைக் கீழே வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பூந்தூள் தம்பி. ஆம்பளைச் செடி பூத்தா மஞ்சளா எந்திரிக்குமே, நடந்து போனா தலையெல்லாம் அப்பிக்குமே. அது பறந்து பொம்பளைச் செடி மேல விழுந்தாத்தான் விதை. பறந்து முடிஞ்ச பின்னாலதான ஆம்பளையைப் பிடுங்கி நாருக்கு ஊறப் போடுவாங்க! உங்க வீட்டுலயும் அப்படித்தான செஞ்சாங்க?"

ஜமன் சிங் வயலைப் பார்த்தான். அவன் அப்பா ஆவணி முதல் வாரத்தில் ஆண் செடி பிடுங்குவார். அது நிஜம். அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பதினேழு வயசில் ஊரை விட்டுப் போனவன், தேதியை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அவர்கள் சித்திரையில் விதைப்பார்கள். இந்த வருஷம் லைசென்ஸ் காகிதம் தாமதமாகி விதைத்ததே வைகாசிக் கடைசி. அப்பா தேதியையா பார்த்தார், தலையில் அப்பிய தூளைப் பார்த்தார். இது இப்போதுதான் அவன் புத்தியில் ஏறியது.

"மொட்டுலயே பிடுங்கிட்டோம்" என்றான்.

"ஊர்ப் பொம்பளைங்க பிடுங்கியிருந்தா இன்னிக்கு நாலு, நாளைக்கு நாலுன்னு, பேச்சு வாக்குல பத்து செடியை விட்டுட்டும் போயிருப்பாளுங்க. அந்தப் பத்து போதும். நீங்க போய் ரெண்டாவது தடவை வேற தேடியிருக்கீங்களே, புண்ணியவானே!"

"காட்டுப் பாங் இருக்குமே அண்ணி, ஓடைப் பக்கம்? அது தூள் பறக்காதா?" என்று ஹயாத் கேட்டான். கேட்டு முடிப்பதற்குள்ளேயே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சுற்றிலும் அரை மைலுக்குக் காட்டுச் செடி இருக்கக் கூடாது என்று லைசென்ஸில் ஒரு வரி உண்டு. அப்படி ஒரு வரி இருப்பதே எங்கள் ஜில்லாவில் ஒருத்தருக்கும் தெரியாது. ஜமன் சிங் ஆடி மாதம் பூராவும் அதைத்தான் செய்தான். பாறை இடுக்கில் இருந்ததைக்கூடக் கயிறு கட்டி இறங்கி வெட்டினான்.

"தேடித் தேடி அழிச்சோமே சாப். நமக்கு மெடல் குடுக்கணும்" என்றான் ஹயாத்.

விதை பிடிக்காத பெண் செடி சும்மா இருக்காது. பிசின் கட்டும், காய்க்க வேண்டிய சத்தெல்லாம் போதையில் போய் ஏறும். ஐப்பசியில் அதிகாரி வந்து தலையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். அளவு தாண்டினால் நாலு அடுக்கையும் கொளுத்த வேண்டியதுதான். அது கிடக்கட்டும் என்றாள் ஜசுலி. கொளுத்தினால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். எதை வைத்துப் பார்த்துக்கொள்வது, விதை எங்கே?

பெண் செடிகளின் நுனியில் வெள்ளை நூல் போல் சூல்முடி நீட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒன்றைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இன்னும் ஒரு வாரம் தாங்கும். அப்புறம் காஞ்சு செவந்துடும்." மலைமுகட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஹருலி அக்காகிட்ட இருக்கும்."

ஹருலி, மாதோ சிங்கின் அக்கா. மலைமுகடு தாண்டி மல்லா காண்டாவில் கட்டிக் கொடுத்தது. கல்யாணமாகிப் போகும்போது பிறந்த வீட்டு விதையை முந்தானையில் முடிந்துகொண்டு போனவள், வருஷா வருஷம் தொழுவத்துக்குப் பின்னால் துவையலுக்கென்று கொஞ்சம் போடுவாள். அந்த ஊர் இன்னும் உயரம். அங்கே விதைப்பும் பூப்பும் எல்லாம் இரண்டு வாரம் பின்னால்தான்.

"ஹயாத் போய்ட்டு வரட்டும்" என்றான் ஜமன் சிங்.

"எனக்குக் கால் சுளுக்கு சாப்" என்று ஹயாத் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டான். காலையில் வலது காலை நொண்டிக்கொண்டிருந்தான்.

"நீங்கதான் போகணும் தம்பி. பிடுங்கினது நீங்க" என்றாள் ஜசுலி. அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் ஜமன் சிங் கிளம்பினான். மழை விட்டிருந்தது. முகடு ஏற மூன்று மணி நேரம், இறங்க ஒரு மணி நேரம். ஏறும்போது அவன் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனான். பனிச்சரிவு. ஒரு நொடி. வலியே தெரிஞ்சிருக்காது. கடிதத்தில் இருந்தது இதுதான். அந்தக் கடிதத்துக்கான அறிக்கையைச் சொன்னதும் அவன்தான்.

பனிச்சரிவெல்லாம் ஒன்றும் இல்லை. பனியில் ஒரு வெடிப்பு. மேலே மெல்லிசாக மூடியிருந்தது. மாதோ அதில் கால் வைத்தான், உள்ளே போய்விட்டான். இடுப்பில் கயிறு இருந்தது. ஜமன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டான், ஹயாத் ஆள் கூட்டிவர முகாமுக்கு ஓடினான். முக்கால் மணி நேரம். ஒரு கையுறை எப்போதோ கழன்று போயிருந்தது. கயிறு கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை குனிந்து பார்த்தபோது கயிறு இல்லை. எப்போது போயிற்று என்று அவனுக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

இதை ஹயாத் ஒருத்தனிடம் மட்டும் சொல்லியிருந்தான். மாதோவின் அக்காவைப் பார்க்க இந்த முகட்டை அவன் ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. ஹருலி கேட்பாள், கேட்டால் சொல்ல நேரும், சொன்னால் அது ஜசுலி காதுக்குப் போகும், ஜசுலி போடும் ரொட்டி அன்றோடு நின்றுபோகும். இவ்வளவுதான் அவன் கணக்கு. பயமாக இருந்ததா என்றால், இல்லை. பயம் இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் கணக்குதான் இருந்தது.

ஹருலி முற்றத்தைச் செம்மண்ணும் சாணமும் குழைத்து மெழுகிக்கொண்டிருந்தாள். வாசற்படியிலிருந்து தொழுவம் வரைக்கும் மெழுகி முடித்து, கடைசி மூலையில் குந்தியிருந்தாள். அறுபது வயசிருக்கும், கனத்த சரீரம், முழங்கை வரைக்கும் செம்மண். முற்றத்துக்கு அப்பால், தொழுவச் சுவருக்கு மேலே பாங் செடிகளின் தலை தெரிந்தது. அவற்றில் ஆண் செடிகள் மஞ்சளாகப் பூத்து நின்றன. காற்றடித்தபோது லேசாக ஒரு புகை கிளம்பி அடங்கியது.

ஜமன் சிங் முற்றத்து ஓரக் கல்லில் நின்றான்.

"யாரது?"

"ஹவில்தார் ஜமன் சிங். தல்லா சிமலி."

அவள் நிமிரவில்லை. "வருகைப் பதிவா எடுக்கறேன்? குரலைக் கேட்டாத் தெரியாதா எனக்கு? என்ன வேணும்?"

அவன் வயல் விஷயத்தைச் சொன்னான். தேதி, விதைத்த நாள், பிடுங்கிய நாள், ரோந்து, ஜசுலி வந்தது, எல்லாம் வரிசையாக. ஒரு பூத்த ஆண் செடி வேண்டும் என்று முடித்தான்.

"மொட்டுலயே பிடுங்கினியா?"

"ஆமா."

"பாங் போடத் தெரியாதவன் குமாவுன்ல பொறந்து, பட்டாளத்துல வேற இருந்து, பென்ஷன் வேற வாங்கறான்!" ஹருலி கையிலிருந்த சாணத்தைச் சட்டியில் அறைந்தாள். "சரி, செடி கேக்க வந்தாச்சு. வேற ஒன்னும் சொல்றதுக்கு இல்லையா உனக்கு?"

ஜமன் சிங் விறைப்பாக நின்றான். "மாதோ வந்து, அக்கா, பனிச்சரிவுல... ஒரு நொடிதான். வலியே..."

"நிறுத்து. செடி கேக்க வந்தியா, பொய் சொல்ல வந்தியா?"

அவன் நிறுத்தினான். மாடு ஒன்று செருமியது. பிறகு அவன் உண்மையைச் சொன்னான். மேலதிகாரியிடம் அறிக்கை சொல்வதுபோல், ஏற்ற இறக்கம் இல்லாமல், வெடிப்பு, கயிறு, கையுறை, முக்கால் மணி நேரம். "கயிறு கையில இருக்குன்னுதான் நெனச்சேன். குனிஞ்சு பாத்தேன், இல்ல" என்று முடித்தான்.

ஹருலி மெழுகிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்னது?"

"தெரியும்ங்கறேன். அந்த வருஷமே திருவிழாவுக்கு வந்த ஹயாத் குடிச்சுட்டு என் கால்ல விழுந்து எல்லாத்தையும் கொட்டிட்டான். நான் அந்த வாரமே போய் ஜசுலிகிட்ட சொல்லிட்டேன்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"பத்தொன்பது வருஷமாத் தெரியும்."

ஜமன் சிங் காலடிக் கல்லைப் பார்த்தான். இத்தனை வருஷம் ஜசுலி அவன் தட்டில் போட்ட ரொட்டியை நினைத்துப் பார்த்தான். அவள் ஒரு நாளும் தட்டைத் தள்ளி வைத்ததில்லை. ஒரு தடவை அவன் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் கஞ்சி ஊற்றினாள். தெரிந்துதான் ஊற்றியிருக்கிறாள்.

"கயிறு நழுவினதுக்கு உன்னை ஒன்னும் சொல்லல நான்" என்றாள் ஹருலி. இப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "வெறைச்ச கை என்ன பண்ணும்? ஆனா பங்குனி மாசம்னு ஒன்னு வருஷா வருஷம் வருதே, அது தெரியாதா உனக்கு? ஊர்ல இருக்கற பொம்பளை ஒவ்வொருத்திக்கும் அண்ணனோ தம்பியோ சீர் தூக்கிக்கிட்டு வரான். இல்லாதவளுக்கு ஒன்னு விட்டவன், ரெண்டு விட்டவன், எவனாவது ஒருத்தன் ஒரு பிடி வெல்லமாவது கொண்டாரான். நான் பத்தொன்பது பங்குனி இந்த வாசல்ல உக்காந்து அடுத்தவ வீட்டுக் கூடையை எட்டிப் பாத்தேன். அவனோட ஒரே தட்டுல தின்னவன் நீ. முகட்டுக்கு அந்தப் பக்கம்தான இருந்த? இப்ப வந்திருக்க. சீர் கொண்டு வர வேண்டியவன் சீர் கேட்டு வந்திருக்க!"

"குக்கர்" என்றான் ஜமன் சிங்.

"என்ன?"

"குக்கர் வாங்கி வச்சிருந்தான். பட்டாளத்துக் கேண்டீன்ல. அஞ்சு லிட்டர். கீழ வெடிப்புக்குள்ளருந்து அதைத்தான் பேசிக்கிட்டிருந்தான். அக்கா ஊர்ல பருப்பு வேகவே மாட்டேங்குதாம், பங்குனிக்கு லீவு கெடைச்சா நானே தூக்கிக்கிட்டுப் போகணும்னான். விசில் சத்தத்துக்கு அக்கா பயப்படும்னு சொல்லிச் சிரிச்சான். அதுக்கு அப்புறம்தான் நான் குனிஞ்சு பாத்தேன்."

ஹருலியின் கை மெழுகிய இடத்திலேயே நின்றுவிட்டது.

"ஹயாத் இதைச் சொல்லலையே."

"அவன் அப்ப அங்க இல்ல."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"அந்தக் குக்கர் எங்க?"

"சாமானோட அண்ணி வீட்டுக்கு வந்துச்சு. அதுலதான் பருப்பு வேகுது. தினம். எனக்கும் அதுலதான்."

ஹருலி எழுந்தாள். சட்டியை எடுத்துக்கொண்டாள். "இதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் உக்காந்திருந்தியா? என் தம்பி எனக்குச் சொல்லிவிட்டதை?" குரல் உடைந்தது. சுவர் ஓரமாகவே, மெழுகாத ஒரு முழ அகலத்தில் நடந்து வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை.

ஜமன் சிங் கல்லிலேயே நின்றான். செடி தருகிறேன் என்றும் அவள் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. யாரும் உத்தரவு சொல்லாமல் எதையும் செய்து அவனுக்குப் பழக்கமில்லை. வெயில் ஏறியது. முற்றத்து ஓரங்களில் செம்மண் வெளுக்க ஆரம்பித்தது. உள்ளே அவள் அழுகிறாளா என்று காது கொடுத்துப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. மழை வந்தால் தூள் நனைந்து கூழாகிவிடும், அப்புறம் செடி கிடைத்தும் பிரயோஜனமில்லை. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நின்றான். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டாயிற்று.

ஹருலி வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"இன்னும் இங்கயா நிக்கற?"

"நீங்க ஒன்னும் சொல்லலையே அக்கா."

"சொல்லணுமா? வாயைத் தொறந்து நான் சொல்லணுமா?" அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "மாதோ வந்திருந்தா இப்படிக் கல்லுல நின்னு கெஞ்சியிருப்பானா? அக்கா வீட்டுக் கொல்லையில ஒரு செடி ஒடிக்க எந்தத் தம்பிடா உத்தரவு கேப்பான்? நேராப் போய் ஒடிச்சுக்கிட்டுக் கம்பி நீட்டியிருப்பான், நான்தான் பின்னால கத்திக்கிட்டே ஓடியிருப்பேன். நீ நிக்கற, கோர்ட்டு வாசல்ல நிக்கற மாதிரி! தூ!"

ஜமன் சிங் அவளைப் பார்த்தான். பிறகு தொழுவத்தைப் பார்த்தான். நடுவில் முற்றம், ஓரம் மட்டும் வெளுத்து, நடுவெல்லாம் ஈரமாக, பளபளவென்று. சுற்றிப் போக அந்த ஒரு முழ ஓரம் இருந்தது.

அவன் கல்லிலிருந்து இறங்கி நடு முற்றத்தில் காலை வைத்தான். பட்டாளத்துப் பூட்ஸ் அடிச்சுவடு செம்மண்ணில் அச்சு அச்சாக இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று.

"ஐயோ! அடேய்! காலையிலருந்து மெழுகியிருக்கேண்டா!"

அவன் நிற்கவில்லை. தொழுவத்தைச் சுற்றிக் கொல்லைக்குள் நுழைந்தான். இருந்ததிலேயே உயரமான ஆண் செடியைப் பிடித்து அடியில் ஒடித்தான். மஞ்சள் தூள் கொட்டி முகமெல்லாம் அப்பியது. பக்கத்தில் இன்னொன்றையும் ஒடித்தான்.

"பெரிசை விடுடா பாவி! பெரிசை எதுக்குடா ஒடிக்கற? அந்தச் சின்னதுல தூள் இல்லையா? ஐயோ, ரெண்டா! உனக்கு நல்ல சாவே வராதுடா!"

சட்டையைக் கழற்றிப் பூத்தலை இரண்டையும் ஒரு குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டான். வந்த வழியே, அதே முற்றத்தில், இன்னொரு வரிசை அடிச்சுவடு பதித்துக்கொண்டு திரும்பி நடந்தான். சாணச் சட்டி பறந்து வந்து அவன் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ விழுந்து உடைந்தது.

"வீட்டை நாசம் பண்றதுக்குன்னே வருவானுங்க! ஒருத்தனாவது ஒழுங்கா வந்ததுண்டா? சின்னப்போலருந்தே இதே புத்தி! பங்குனிக்கு வாடா நீ! வாடா, காலை ஒடிக்கறேன்! குக்கர் இல்லாம வந்த, உள்ள விட மாட்டேன், கேட்டுதா? மழை வரதுக்குள்ள போய்ச் சேருடா தடிமாடு! மூடி எடுத்துக்கிட்டுப் போடா, தூள் கொட்டிடப் போவுது!"

ஊர் முழுக்கக் கதவு திறந்து பார்த்தது. ஜமன் சிங் பாதையில் ஏறினான். மேகம் முகட்டுக்கு இன்னும் வரவில்லை. நடையை எட்டிப் போட்டால் மூன்று மணிக்குள் வயலில் இருக்கலாம், நாலு அடுக்குக்கும் உதறிவிடலாம். அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது சட்டைக் கட்டுக்குள் இருந்த செடிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

முதல் திருப்பம் வந்தது. அதைத் தாண்டினால் கேட்காது. கீழே ஹருலி இன்னும் நிறுத்தவில்லை. அவனை, அவன் பூட்ஸை, அவன் பட்டாளத்தை, அவனைப் பெற்றவர்களை என்று ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். மழைக்கு முந்திப் போக வேண்டியவன்தான். ஆனாலும் அந்தத் திருப்பத்தில் ஜமன் சிங் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினான்.